மாதிரி ரயில் எங்கே வாங்குவது: ஒரு திருத்தமும் சில விளக்கங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில் பொழுதுபோக்கைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. எழுதுவோரும் பெரும்பாலும் அதைச் சிறுவர் விளையாட்டு என்ற அளவில் நிறுத்திவிடுவார்கள். தங்கள் கட்டுரையாளர் அப்படிச் செய்யவில்லை. ஆனால் ‘எங்கே வாங்குவது’ என்ற கடைசிப் பகுதியில், நேரில் போய் வாங்கும் கடைகளுக்கு இனி வேலையில்லை என்றும், எல்லாப் பொருளும் இணையத்தில் கிடைப்பதால் விலை எங்கே குறைவோ அங்கே வாங்கினால் போதும் என்றும் அவர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் அச்சாகியிருந்த ஒரு வரியும் திருத்தப்பட வேண்டியது; அதற்குக் கடைசியில் வருகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருவகைக் கடைகளிலும் வாங்கி, இருவகையிலும் கை சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடை தெருவில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பணத்தை வாங்குவதற்கு முன் அந்தக் கடை நம்மிடம் என்ன கேட்கிறது, நாம் கேட்காமலே எதைச் சொல்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். வேறு பல பொழுதுபோக்குகளில் ஒரு பொருள் நன்றாக இருந்தால் அது நன்றாகவே இருக்கும். மாதிரி ரயிலில் அப்படியில்லை. குறையொன்றும் இல்லாத இன்ஜினும் குறையொன்றும் இல்லாத தண்டவாளமும் ஒன்றுக்கொன்று சிறிதும் பொருந்தாமல் போகலாம். அந்தப் பொருத்தத்தைச் சொல்லத் தெரிந்த கடைதான் நல்ல கடை.

அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் மிக அதிகமானோர் வைத்திருப்பது எச்ஓ. நிஜ ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனில் பெருவழக்கான ஓஓ அளவும் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடுகிறது, ஆனால் அதன் சுருக்கம் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. ஆகவே ஓஓ இன்ஜின் எச்ஓ பாதையில் தடையின்றி ஓடும். பக்கத்தில் எச்ஓ நிலையத்தையும் பயணிகளையும் வைத்துவிட்டால் மட்டும், இன்ஜின் ஏழில் ஒரு பங்கு பெருத்து நிற்பது கண்ணை உறுத்தும். ‘என்’ அளவில் குழப்பம் இன்னும் நுட்பமானது. பாதை எங்கும் 9 மில்லிமீட்டர்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுருக்கம் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் 1:150. ஜப்பானின் சாதாரண ரயில்கள் 1067 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதையில் ஓடுவதால் அவற்றைச் சற்றே பெரிதாகச் செய்கிறார்கள். உலகத் தர அகலமான 1435 மில்லிமீட்டரில் ஓடும் ஷிங்கான்சென்னுக்கு மட்டும் அதே நிறுவனங்கள் 1:160-ஐக் கடைப்பிடிக்கின்றன. பெட்டியின் மேலோ எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. பெரிய அளவுகளில் இந்தப் பிரச்சினை குறையவில்லை, கூடுகிறது. ‘ஓ’ என்ற பெயரில் 32 மில்லிமீட்டர் பாதைக்கு அமெரிக்காவில் 1:48, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 1:45, பிரிட்டனில் 1:43.5. எல்ஜிபி 1968-இல் கொண்டுவந்த தோட்ட ரயில் 45 மில்லிமீட்டர் பாதையில் 1:22.5 சுருக்கத்தோடு மீட்டர் பாதை ரயிலைக் காட்டுகிறது; அதே 45 மில்லிமீட்டரில் 1:32 சுருக்கத்தில் செய்தால் அது அகலமான தரப் பாதை ரயிலாகிவிடுகிறது.

விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. ‘ஓ அளவு வீடு’ என்று தேடினால் மூன்று சுருக்கங்களிலும் வீடுகள் வரிசையாக வந்து நிற்கும். நல்ல இணையக் கடைகள் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் எழுத்தோடு விகிதத்தையும் தருகின்றன. தராத கடையில் நான் வாங்குவதில்லை. அது அலட்சியத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் கற்ற பாடங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் தங்கள் கட்டுரையின் படத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. தொடக்க ஆண்டுகளில், பழைய பொருள்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடமிருந்து அழகான நீராவி இன்ஜின் ஒன்றை வாங்கினேன். ‘எச்ஓ, நன்றாக ஓடுகிறது’ என்று அவர் எழுதியிருந்தார். அதில் பொய் ஏதுமில்லை. பெட்டியைப் பிரித்து என் பாதையில் வைத்ததும் கட்டுப்பாட்டுக் கருவியின் காப்பு விசை விழுந்தது. எடுத்தேன், விசையைப் போட்டேன், மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. ஓர் இரவு முழுவதும் மின்கம்பிகளைக் குறைசொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் இன்ஜினைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைக் கவிழ்த்தார். வயிற்றின் நடுவில் நீளவாக்கில் இருந்த உலோகச் சறுக்கியை விரல் நகத்தால் தட்டினார். “இது மார்க்லின் முறை. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கம்பிப் பாதை. குறை இன்ஜினிலும் இல்லை, பாதையிலும் இல்லை” என்றார்.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ ரயில்களில், மின்சாரம் தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளின் நடுவே வரிசையாக உள்ள சிறு உலோகப் புள்ளிகள் வழியே வந்து, சறுக்கி மூலம் இன்ஜினுக்குள் ஏறி, இரண்டு தண்டவாளங்கள் வழியாகவும் திரும்பிப் போகிறது. அதனால் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு தேவையில்லை. ‘இரண்டு கம்பி’ எனப்படும் மற்ற நிறுவனங்களின் எச்ஓ முறையிலோ ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. காப்பில்லாத அச்சை அதன்மேல் வைத்தால் இரண்டு முனைகளையும் கம்பி போட்டு இணைத்தது போலக் குறுக்குச்சுற்று ஏற்படும். மார்க்லின் முறை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ரயில் சுற்றிவந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளையத்தை மார்க்லின்காரர் எந்தக் கவலையும் இல்லாமல் போடலாம். இரண்டு கம்பிக்காரருக்கு அங்கே முனைகள் மோதிக்கொள்ளும், தனிக் கருவி வேண்டியிருக்கும். அந்த நிறுவனமே இரண்டு கம்பி முறைக்காக ட்ரிக்ஸ் என்ற பெயரில் அதே இன்ஜின்களை விற்கிறது. முறை வேறு என்பதே செய்தி. ‘எச்ஓ’ என்ற சொல் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அந்தக் கடைக்காரர் அன்று எனக்கு எதையும் விற்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது, இன்ஜினைக் காட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டார்: எந்த நிறுவனத்துப் பாதை, எந்த மின்முறை, உங்கள் மிகக் குறுகிய வளைவின் ஆரம் எவ்வளவு? மூன்றாவது கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனப் பாதையில் முதல் வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர், இரண்டாவது 438. நீண்ட சக்கரவரிசை கொண்ட பல இன்ஜின்களுக்கு இரண்டாவது வளைவுதான் குறைந்தபட்ச எல்லை. அதைவிடக் குறுகிய வளைவில் அவை தடம் புரளும், அல்லது பெட்டிகளின் முனைகள் உரசும். மேசை சிறியதென்று முதல் வளைவில் பாதை போட்டுவிட்டு, படத்தைப் பார்த்து விரைவு வண்டி இன்ஜினை வாங்குகிற தொடக்கநிலையாளர்கள் எத்தனையோ பேர். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

டிசிசி எனப்படும் எண்முறைக் கட்டுப்பாட்டிலும் சொற்கள் ஏமாற்றும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் தரநிலையாக்கியது இது. பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்கும்; ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் உள்ள டிகோடர் தன் எண்ணுக்கு வரும் ஆணையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிய டிகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடு வருவதால், எண்ணை மாற்றாமல் இரண்டு இன்ஜின்களைப் பாதையில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். கடையில் கவனிக்க வேண்டியது பெட்டியின் மேல் உள்ள ‘டிசிசி ரெடி’ என்ற சொல். டிகோடர் உள்ளே இருக்கிறது என்று அதற்குப் பொருளல்ல. டிகோடரைச் செருகத் துளைப்பொருத்தி மட்டும் இருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பொருத்தியும் 6 ஊசி, 8 ஊசி, 21 ஊசி, ப்ளக்ஸ் 22, நெக்ஸ்ட் 18 என்று பலவகை. ஈஎஸ்யு, சிமோ போன்ற நிறுவனங்கள் ஒரே டிகோடரைப் பல பொருத்திகளோடு வெளியிடுவதற்குக் காரணம் அதுவே. எந்தப் பொருத்தி என்று சொல்லாமல் ‘ரெடி’ என்று மட்டும் எழுதி விற்கிற பக்கத்தைக் கண்டால், உற்பத்தியாளரின் சொந்த விளக்கத்தாளைத் தேடிப் படித்த பிறகே நான் பணம் கட்டுவேன்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளைப் பற்றியும் இவ்வளவு எழுதலாம், ஆசிரியரின் பொறுமையைக் கருதிச் சுருக்குகிறேன். அமெரிக்க எச்ஓ உலகில் கேடி நிறுவனத்தின் காந்தக் கொக்கி நிலைபெற்றுவிட்டது. அதன் 5-ஆம் எண் கொக்கியைக் கேட்காத நாளே கடைக்காரருக்கு இருக்காது. ஐரோப்பியப் பெட்டிகளில் தரப்படுத்தப்பட்ட சிறு பை இருக்கும். அதில் செருகுவதற்கென்று அதே கேடி 17 முதல் 20 வரையிலான எண்களில் நான்கு நீளங்களில் செய்கிறது. எந்த நீளம் என்பது வளைவில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடை மேசையில் நான்கையும் மாற்றிப் பார்க்க முடிந்தால் அது பத்து நிமிட வேலை. அஞ்சலில் வரவழைத்துச் சோதித்தால் மூன்று வாரம் ஆகும்.

நேரடிக் கடையின் உண்மையான செல்வம் அதன் அலமாரியில் இல்லை. மூலையில் இருக்கும் சோதனைப் பாதையில் இருக்கிறது. தங்கள் கட்டுரையாளர் அதைக் குறிப்பிடவே இல்லை. இன்ஜினை அதன்மேல் வைத்து மிக மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். வேகமாக எல்லா இன்ஜினும் ஓடும். ஊர்ந்து போகும்போதுதான் தரம் தெரியும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒரு ‘டக்’ கேட்கிறதா என்று கவனிக்கலாம். அச்சில் இறுக்கிச் செருகப்பட்ட பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகிப் பிளந்திருந்தால் அந்த ஓசை வரும். பழைய அமெரிக்க டீசல் இன்ஜின்களில் இது மிகச் சாதாரணம். எந்தப் புகைப்படத்திலும் அது தெரியாது. முன்னோக்கி நன்றாகவும் பின்னோக்கித் தயங்கியும் போகிறதா, விளக்கு மினுக்குகிறதா, தடம் பிரியும் பாயிண்டைக் கடக்கும்போது நிற்கிறதா என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடைக்காரர் அந்த ஐந்து நிமிடத்தை மனமுவந்து தருகிறார் என்றால், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அங்கே இன்ஜினைச் சோதித்துவிட்டு, வெளியே வந்து கைப்பேசியில் மலிவான இடத்தில் வாங்குவதை நான் நேர்மையாகக் கருதவில்லை. இதைச் செய்கிறவர்கள் என் நண்பர்களிலும் உண்டு. அவர்கள் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜப்பானியர்கள் இந்தச் சோதனைப் பாதையையே வணிகமாக்கிவிட்டார்கள். போபொன்டெட்டா போன்ற கடைத்தொடர்களில், முழுமையாக அமைக்கப்பட்ட பெரிய பாதைக் களங்களை நேரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டில் மேசை போட இடமில்லாதவர், தன் ‘என்’ அளவு வண்டிகளைப் புத்தகம் போன்ற பெட்டிகளில் அடுக்கி எடுத்துவந்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போகிறார். கடைக்காரருக்கு வாடகையும் கிடைக்கிறது, ஓட்டும்போது பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியைப் பார்த்து மயங்கியவரிடம் விற்பனையும் நடக்கிறது. நேரில் போய் வாங்கும் கடைக்கு வேலையில்லை என்று சொல்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அனுப்புவதற்கே ஒவ்வாத பொருள்களும் உண்டு. வேண்டியபடி வளைத்துப் போடக்கூடிய பெக்கோ நிறுவனத்தின் பாதைத் துண்டு ஒவ்வொன்றும் 914 மில்லிமீட்டர், அதாவது ஒரு கஜம் நீளம். ஒன்றிரண்டை அஞ்சலில் வரவழைத்தால் நுனி வளைந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். நேரான மேசையில் வைத்தாலும் அந்த வளைவு முழுமையாகப் போகாது. கரைப்பான் கலந்த வண்ணப்பூச்சுகளும் தெளிப்புக் குப்பிகளும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமான அஞ்சலில் ஏற்றுவதில்லை. அவை அருகில் வாங்க வேண்டியவை. தண்டவாளத்தின் உயரத்தையும் கையில் பிடித்துப் பார்ப்பது நல்லது. கோட் 100 என்றால் தண்டவாளம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர் உயரம். கோட் 75 அதைவிடத் தாழ்ந்தது, பார்வைக்கு நிஜத்தை ஒத்தது. ஆனால் பழைய வண்டிகளின் ஆழமான சக்கர விளிம்புகள் கோட் 75 பாதையில் கட்டையோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிடிகளின் மேல் தடதடவென்று ஏறிப் போகும். உங்கள் பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுபோய் உருட்டிப் பார்த்தால் அந்த இடத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் நான் இணையக் கடைகளுக்கு எதிரானவன் என்று எண்ண வேண்டாம். என் தொகுப்பில் பாதிக்கு மேல் அஞ்சலில் வந்ததுதான். எண் தெரிந்த பொருளை வாங்குவதற்கு இணையத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. எந்த நேரடிக் கடையாலும் கேடியின் எல்லாக் கொக்கிகளையும், ப்ரைஸரின் எல்லா மனித உருவங்களையும், ஃபாலரின் எல்லாக் கட்டடத் தொகுப்புகளையும் அடுக்கி வைத்திருக்க முடியாது. எனக்கு மனத்துக்குப் பிடித்த சில இடங்களைச் சொல்கிறேன். எனக்கும் அவற்றுக்கும் வாடிக்கையாளர் என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. ஜெர்மனியின் மாடல்பான்ஷாப் லிப்பேயின் தளத்தில் அளவு, ரயில்வே நிர்வாகம், காலகட்டம் என்று வடிகட்டித் தேடலாம். ஐரோப்பியர் ரயில் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்து ரோமன் எண்ணால் குறிப்பார்கள். நீராவிக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட மூன்றாம் காலகட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்குப் பொருந்தாத நவீன வண்டிகள் பட்டியலிலிருந்து விலகிவிடும். இது எனக்குக் கேள்வி கேட்கும் கடைக்காரரின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஜப்பானிய ‘என்’ வண்டிகளுக்கு ஹாபி சர்ச். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் படமெடுத்துப் போடும் வழக்கம் பெரிய உதவி. அமெரிக்க எச்ஓ பொருள்களுக்குப் பால்டிமோர் நகரின் பழைய எம்.பி.க்ளைன் கடையிலிருந்து வளர்ந்த மாடல் ட்ரெய்ன் ஸ்டஃப். ஓஓ அளவில் புதியதும் பழையதும் சேர்த்துப் பார்க்க ரெயில்ஸ் ஆஃப் ஷெஃபீல்ட்.

மில்வாக்கி நகரில் 1932-இல் தொடங்கிய வால்தர்ஸ் நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது உற்பத்தியாளர், மொத்த விநியோகஸ்தர், இணைய விற்பனையாளர் ஆகிய மூன்று வேலைகளையும் செய்கிறது. அதன் தளத்தில் பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பொருளை அருகிலுள்ள கடை மூலம் வரவழைக்கச் சொல்லலாம். ‘அருகிலுள்ள கடையா, இணையமா’ என்று தங்கள் கட்டுரை பிரித்துப் போட்ட கேள்வி இங்கே பொருளற்றுப் போகிறது. இணையத்தில் தேடுகிறேன், கடையில் கொடுக்கிறேன், வந்த பிறகு சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.

இணையக் கடைகள் நிலையானவை என்ற எண்ணமும் தங்கள் கட்டுரையில் ஓடுகிறது. லிவர்பூலில் 1946-இல் தெருக்கடையாகத் தொடங்கி, பின்னாளில் பிரிட்டனின் மிகப் பெரிய இணைய மாதிரி ரயில் கடைகளுள் ஒன்றாக வளர்ந்த ஹாட்டன்ஸ், தன் வணிகத்தை முடித்துக்கொள்வதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. அதனிடம் முன்பதிவு செய்துவைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முன்பதிவு இந்தத் துறையின் தனி இயல்பு. ஓர் இன்ஜினை நிறுவனம் ஒரே தொகுதியாகச் செய்து அனுப்பும்; தீர்ந்துவிட்டால் அதே எண்ணில் மீண்டும் வரப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே அறிவிப்பு வந்தவுடன் பதிவு செய்கிறோம். முன்பணம் கேட்காத கடையில் பதிவு செய்வதையே நான் விரும்புகிறேன். அறிவித்த மாதிரி கைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது இங்கே புதிதல்ல, அத்தனை காலம் நம் பணம் இன்னொருவர் கணக்கில் உறங்க வேண்டியதில்லை.

பழைய பொருள்களை இணையத்தில் வாங்குவோருக்கு இன்னும் ஒரு சொல். ‘ஓடுகிறது’ என்பதற்கும் ‘சோதித்துப் பார்த்தேன்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. எந்தப் பாதையில், எந்த மின்முறையில் சோதித்தீர்கள் என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தின் படத்தைக் கட்டாயம் கேளுங்கள். என்னுடைய அந்த இன்ஜினுக்கு நான் இது ஒன்றைச் செய்திருந்தாலே சறுக்கி தெரிந்திருக்கும். வார்ப்பு உடல் கொண்ட மிகப் பழைய மாதிரிகளில், துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகம் ஆண்டுகள் செல்லச் செல்ல வீங்கி, வெடிப்புவிட்டு, கையில் உதிரும். அதற்கு மருந்து கிடையாது. கூரையோ அடித்தட்டோ லேசாக வில்போல் வளைந்திருப்பது அதன் முதல் அறிகுறி. சக்கரங்களின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருப்பது, கரித்தூரிகை தேய்ந்திருப்பது ஆகியவை அஞ்ச வேண்டியவை அல்ல, அவை மாற்றக்கூடியவை. மாற்ற முடியாததையும் மாற்றக்கூடியதையும் பிரித்துச் சொல்லும் விற்பனையாளரை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கட்டுரையாளர் முழுவதுமாக விட்டுவிட்ட இன்னொரு பகுதி, ரயில் கடைகளே அல்லாத கடைகள். பாதை ஓடும் நிலப்பரப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. தச்சுப் பட்டறையின் பலகைத் துண்டுகள், வன்பொருள் கடையின் பாரிஸ் சாந்து, வெள்ளைப் பசை, மின்பொருள் கடையின் தடித்த கம்பி, மின்னணு உதிரிக் கடையின் சிறு விளக்குகள் ஆகியவற்றுக்கு ‘மாதிரி ரயிலுக்கானது’ என்ற சீட்டு ஒட்டியதும் விலை ஏறிவிடுகிறது. 12 வோல்ட்டில் ஓர் எல்இடி விளக்கை எரிக்க 1000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் போதும். இதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனிக் கம்பி கொடுப்பது நல்லது என்பதால் கம்பி நிறையச் செலவாகும். அதைச் சுருளாக மின்பொருள் கடையில் வாங்குவதே முறை. டிகோடர்களின் அமைப்புகளைக் கணினியில் மாற்ற உதவும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளோ இலவசமாகவே கிடைக்கிறது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட படம். அதன் கீழ், ‘தொடக்கநிலையாளருக்கு ஏற்ற எச்ஓ பாதை, எந்த எச்ஓ இன்ஜினையும் இதில் ஓட்டலாம்’ என்று அச்சாகியிருந்தது. படத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். கட்டைகளின் நடுவே, சீரான இடைவெளியில், சிறு புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. அது மார்க்லின் பாதை. அந்த வரியை நம்பி அதே பாதையை வாங்கும் வாசகர், அதன்மேல் ஒரு சாதாரண இரண்டு கம்பி இன்ஜினை வைத்தால் அது அசையவே அசையாது. அதற்குச் சறுக்கியும் இல்லை, இரண்டு தண்டவாளங்களும் ஒரே முனையாக இருப்பதால் மின்சாரம் சுற்றிவர வழியும் இல்லை. என் இன்ஜின் செய்த தவறை அவருடைய பாதை திருப்பிச் செய்யும். இது தங்கள் இணைப்பில் வந்த படம் என்பதால், அடுத்த ஞாயிறு இதழில் ‘இந்தப் பாதையில் மார்க்லின் முறையில் ஓடும் இன்ஜின்களை மட்டுமே ஓட்டலாம்’ என்று ஒரு வரித் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பண்டிகை விடுமுறைக்கு முன் வெளியானால் நல்லது. தொடக்கப் பெட்டிகளை வாங்குவோர் அப்போதுதான் அதிகம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்